தாயும் சேயும் நலம்

குழந்தை பிறந்த வீட்டிலிருந்து உற்றார்க்குச் செல்லும் முதற்செய்தி பெரும்பாலும் மூன்று சொற்களில் அடங்கிவிடுகிறது. 'தாயும் சேயும் நலம்' என்பதே அச்செய்தி. தந்தி வழங்கிய நாள்களில் அது தந்தியில் சென்றது. இன்று கைப்பேசியில் செல்கிறது. கருவி மாறியதேயன்றி வாசகம் மாறவில்லை. கேட்டவர்கள் மகிழ்கின்றனர். 'ஆணா, பெண்ணா?' என்று வினவுகின்றனர். 'எடை எவ்வளவு? யாருடைய சாயல்?' என்று அடுத்தடுத்துக் கேட்கின்றனர். தாயைப் பற்றிய விசாரணை அந்த முதற்சொல்லோடு முடிந்துவிடுகிறது.

அச்செய்தி பொய் என்று கூறுவதற்கில்லை. ஆயினும் அது எப்பொழுது, யாரால் கூறப்படுகிறது என்பதைக் கருதுதல் வேண்டும். மகப்பேறு நிகழ்ந்து ஓரிரு மணி நேரத்திற்குள் அது கூறப்பட்டுவிடுகிறது. கூறுகிறவர் கணவராகவோ மாமியாராகவோ அண்ணனாகவோ இருப்பார். நலம் என்று அறிவிக்கப்படுகிறவள் அப்பொழுது அயர்ந்து கிடக்கிறாள். தன் உடல் என்னவாயிற்று என்று அவளே அறிந்துகொள்ளுமுன், அவளுடைய நலம் முடிவு செய்யப்பட்டு ஊரெங்கும் பரவிவிடுகிறது. பின்னர் அவள் 'நலமில்லை' என்று சொல்ல நேர்ந்தால், ஊரறிந்த முடிவை மறுத்துரைப்பவள் ஆகிறாள்.

இங்கே ஓர் அறவினா எழுகிறது. நல்லதொரு பயனுக்காக ஒருவர் உற்ற துன்பம், அப்பயன் கைகூடிய காரணத்தால் இல்லாததாகிவிடுமா? குழந்தை நலமாய்ப் பிறந்துவிட்டது என்பதால், தாயின் உடலிலும் உள்ளத்திலும் எஞ்சிய காயம் கணக்கில் சேராததாகிவிடுமா? இவ்வினா மருத்துவர்க்கு மட்டும் உரியதன்று. தாயின் வயிற்றில் பிறந்த ஒவ்வொருவர்க்கும் உரியது.

'நலம்' என்னும் சொல் இத்துணை எளிதாக வழங்கப்பட்டதற்கு வரலாற்றில் காரணம் உண்டு. மகப்பேறும் மரணமும் அடுத்தடுத்த வீடுகளாய் இருந்த காலம் நெடியது. 'பிள்ளைப்பேறு பெண்ணுக்கு மறுபிறவி' என்று முன்னோர் கூறியது அணிநயம் கருதியன்று. கண்ணால் கண்டதையே கூறினர். மலாயா விடுதலை பெற்ற 1957ஆம் ஆண்டில், இலட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு ஏறத்தாழ 280 தாய்மார் இறந்தனர். குருதிப்போக்காலும், பேறுகாலக் காய்ச்சலாலும், இரத்தக் கொதிப்பு முற்றி வந்த வலிப்பாலும் இளம்பெண்கள் மாண்டனர். அந்நாளில் 'நலம்' என்ற சொல்லுக்கு 'சாகவில்லை' என்பதே பொருளாய் இருந்தது. அப்பொருளே அன்று பெரிதாகவும் இருந்தது.

அந்நிலை மாறியதை இந்நாட்டின் அருஞ்செயல்களுள் ஒன்றாகக் கொள்ளலாம். கிராமந்தோறும் பயிற்சி பெற்ற மருத்துவச்சிகள் அமர்த்தப்பட்டனர். தாய்சேய் நல மருந்தகங்கள் எழுந்தன. தேவையான போது இரத்தம் கிடைக்கவும், இடர் கண்ட பெண்ணை விரைந்து மருத்துவமனைக்குக் கொண்டு சேர்க்கவும் வழி ஏற்பட்டது. 2000ஆம் ஆண்டளவில் முன்னைய இறப்பெண் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தது. 1991 முதல் மலேசியாவில் தாய்மாரின் இறப்பு ஒவ்வொன்றும் தனித்தனியே ஆராயப்படுகிறது. எவரையும் தண்டிப்பது அவ்வாராய்ச்சியின் நோக்கமன்று. அடுத்த தாயைக் காப்பதே அதன் நோக்கம். சிங்கப்பூரில் தேக்காவை அடுத்துள்ள கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் 1966ஆம் ஆண்டில் மட்டும் 39,835 குழந்தைகள் பிறந்தன. ஒரே மருத்துவமனையில் ஓராண்டில் நிகழ்ந்த பிறப்புகளில் அதுவே உலகில் மிகுதி என்று கின்னஸ் நூலில் இடம்பெற்றது. நாளொன்றுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகள்! அத்தனைத் தாய்மாரையும் உயிரோடு வீட்டுக்கு அனுப்ப உழைத்த மருத்துவர்க்கும் செவிலியர்க்கும் நன்றி கூறாதார் யார்?

ஆயின், இறப்பை எண்ணும் கணக்குக்கு ஓர் எல்லை உண்டு. இறந்தவளை அது எண்ணும். பிழைத்தவளைப் பிழைத்தாள் என்ற அளவில் விட்டுவிடும். பிழைத்தவள் எவ்வாறு வாழ்கிறாள் என்பதை அந்த ஏடு காட்டாது. 1948இல் நடைமுறைக்கு வந்த உலக நலவாழ்வு நிறுவனத்தின் சாசனம், நலம் என்பதற்கு உடல், உள்ளம், சமுதாய வாழ்வு ஆகிய மூன்றும் நிறைவாய் இருத்தலே பொருள் என்றும், நோயின்மை மட்டும் நலமாகாது என்றும் வரையறுத்தது. அவ்வரையறையை அளவுகோலாகக் கொண்டு பிள்ளைப் பேற்றுக்குப் பின்வரும் ஆண்டுகளை அளந்தால் வேறொரு காட்சி தோன்றுகிறது. 2023ஆம் ஆண்டின் இறுதியில் அந்நிறுவனம் இணைந்து வெளியிட்ட ஆய்வொன்று, ஆண்டுதோறும் குறைந்தது நான்கு கோடிப் பெண்கள் மகப்பேற்றினால் விளைந்த நீண்டகாலத் துன்பம் ஏதேனும் ஒன்றுக்கு ஆளாகக்கூடும் என்று மதிப்பிட்டது. இடுப்புவலி, சிறுநீரையும் மலத்தையும் அடக்க இயலாமை, உடலுறவில் வலி, மனச்சோர்வு, அச்சம், மீண்டும் கருவுற இயலாமை முதலியன அப்பட்டியலில் அடங்கும்.

இத்துன்பங்கள் எவ்வாறு தோன்றுகின்றன என்பதை அறிந்தாலன்றி இவற்றின் அறப்பொருள் விளங்காது. குழந்தையின் தலை வெளிவரும் பொழுது, அடிவயிற்று உறுப்புகளைத் தாங்கி நிற்கும் இடுப்புத்தளத் தசைகள் பெரிதும் விரிகின்றன. அங்குள்ள நரம்புகளும் இழுபடுகின்றன. சிலர்க்குப் பிறப்புவாயில் கிழிந்து, அக்கிழிசல் மலவாயைச் சுருக்கும் தசைவரை சென்றுவிடுகிறது. தையல் ஆறிவிடலாம், தசையின் வலிமை திரும்பாமல் போகலாம். அத்தகைய பெண் இருமினாலும் தும்மினாலும் உரக்கச் சிரித்தாலும் சிறுநீர் கசிகிறது. சிலர்க்குக் கருப்பை தன் இடத்தினின்று கீழிறங்குகிறது. இவை உயிரைப் போக்கும் நோய்கள் அல்ல. ஆதலின் எவரும் அஞ்சுவதில்லை. எவரும் அஞ்சாமையால் எவரும் கேட்பதுமில்லை.

எடுத்துக்காட்டாக, ஒரு தோட்டத்துப் பெண்ணை மனக்கண்முன் நிறுத்திப் பார்க்கலாம். அவள் தனியொருத்தியல்லள், அவளைப் போன்றார் பலர். மூன்றாவது குழந்தை பெரியதாய்ப் பிறந்தது; உடல் கிழிந்தது. நாள் கணக்கு முடிந்ததும் அவள் விடியுமுன் பெரட்டுக்குச் சென்றாள், மரம் வெட்டினாள், நிறைந்த பால் வாளிகளைத் தோள்கம்பில் தொங்கவிட்டு மேட்டிலும் பள்ளத்திலும் சுமந்தாள். சுமைக்குச் சுமை உள்ளே ஏதோ இறங்குவதை உணர்ந்தாள். சேலையில் ஈரம் படியத் தொடங்கியது. முதலில் கோவிலுக்குச் செல்வதை நிறுத்தினாள். தூய்மை குறைந்த உடலோடு சந்நிதியில் நிற்பது தகாது என்று எண்ணினாள். பின்னர்த் திருமண வீடுகளில் வாயிலருகே மட்டும் அமர்ந்தாள். வெளியூரில் வாழும் தங்கையைப் பார்க்கப் பேருந்தில் நெடுந்தொலைவு செல்ல அஞ்சி, ஒவ்வொரு முறையும் ஒரு சாக்குச் சொன்னாள். 'கர்வம் பிடித்தவள்' என்று சுற்றத்தார் பேசினர். கணவன் அருகில் வருவதையும் தவிர்த்தாள். அவன் வேறு பொருள் கொண்டான். ஒரு தசையின் தளர்ச்சி அவளுடைய தெய்வத்தையும், சுற்றத்தையும், இல்லறத்தையும் சிறிது சிறிதாகப் பறித்துக்கொண்டது. எந்தப் பதிவேட்டிலும் அவள் பெயர் ஏறவில்லை. ஏனெனில் அவள் நலமாய் இருந்தாள்!

அவளுடைய மகள் படித்துத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை ஆனாள் என்று கொள்வோம். அவளும் பிள்ளை பெற்றாள். விடுப்பு முடிந்து பள்ளிக்குத் திரும்பிய பின்னர், அடுத்தடுத்துப் பாடவேளைகள் இருக்கும் நாளில் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினாள். மாணவர்களோடு ஓடியாடும் பொறுப்புகளை மற்றவர்க்கு விட்டுக்கொடுத்தாள். ஒருநாள் தாயிடம் மனம் திறந்தாள். தாய் சொன்ன மறுமொழி ஒரே தொடர்: 'பிள்ளை பெற்றால் இப்படித்தான், அம்மா.' மகளின் துன்பத்தை அத்தாய் நம்பாமல் இல்லை. தானே பட்டவளாதலின் நன்றாகவே அறிவாள். எனினும் தனக்கு வழங்கப்பட்ட ஒரே மருந்தையே மகளுக்கும் வழங்கினாள். 'இப்படித்தான்' என்பதே அம்மருந்து.

அந்த 'இப்படித்தான்' என்னும் சொல்லிலேதான் அறவினாவின் முடிச்சு இருக்கிறது. இயற்கையாய் நிகழ்வது துன்பமாகாது என்ற எண்ணம் அதனுள் மறைந்து நிற்கிறது. வெள்ளமும் இயற்கைதான், வெள்ளத்தில் வீடிழந்தவனிடம் 'மழை பெய்தால் இப்படித்தான்' என்று கூறி எவரும் திரும்பிச் செல்வதில்லை. முதுமையில் கண்ணில் புரை விழுவதும் இயற்கையே; அதற்கு அறுவை செய்துகொள்ளத் தயங்குவாரில்லை. மகப்பேற்றுக் காயம் ஒன்றுக்கு மட்டும் இயற்கை என்பது மருத்துவம் வேண்டா என்பதற்குரிய காரணமாகிவிடுகிறது. தளர்ந்த இடுப்புத்தளத் தசைகளை முறையான பயிற்சியால் வலுப்படுத்தலாம் என்பதை ஆர்னால்ட் கெகல் என்னும் அமெரிக்க மருத்துவர் 1948ஆம் ஆண்டிலேயே எழுதி வெளியிட்டார். அப்பயிற்சிக்குப் பெருஞ்செலவோ பெருங்கருவியோ வேண்டா. கற்றுத்தர ஒருவர் வேண்டும், கேட்க ஒருவர் வேண்டும். பயிற்சியால் தீராதவற்றுக்கு வேறு மருத்துவமும் அறுவையும் உண்டு. அத்தாயும் மகளும் பட்ட துன்பத்தில் பெரும்பகுதி இயற்கையின் செயலன்று. வாய்திறவாமையின் விளைவே ஆகும்.

கண்ணுக்குப் புலனாகாத கேடு இன்னும் கொடியது. பேற்றின்போது மிகுதியான குருதிப்போக்கு நேர்ந்த பெண்கள் சிலர்க்கு, மூளையின் அடியில் பட்டாணி அளவில் அமைந்துள்ள பிட்யூட்டரிச் சுரப்பி குருதியின்றி நலிந்துவிடுகிறது. கருவுற்ற காலத்தில் அச்சுரப்பி பருத்திருப்பதால் அதற்கு மிகுதியான குருதி தேவை. குருதி குறையும் பொழுது முதலில் வாடுபவற்றுள் அதுவும் ஒன்றாகிறது. இதனை ஆங்கிலேய நோய்க்குறியியல் மருத்துவர் ஹரல்ட் ஷீஹன் 1937இல் விளக்கியுரைத்தார். சுரப்பி நலிந்த பெண்ணுக்குத் தாய்ப்பால் ஊறுவதில்லை, மாதவிலக்குத் திரும்புவதில்லை. எப்பொழுதும் அயர்ச்சி, குளிர் தாங்காமை, மந்தம் ஆகியன வந்து சூழ்கின்றன. நோய் இன்னதென்று தெரியவே பல ஆண்டுகள் கழிந்துவிடுவதும் உண்டு. அதுவரை அவளுக்கு வீடு இடும் பெயர் 'சோம்பேறி' என்பது. 'பிள்ளைக்குப் பால் கொடுக்கக்கூட மனமில்லாதவள்' என்பது மற்றொரு பெயர். குருதி சிந்திப் பிள்ளை பெற்றவளே, அக்குருதிச் சேதத்தின் விளைவுக்காகக் குணக்கேடு உடையவளாகத் தீர்ப்பளிக்கப்படுகிறாள். நோய்க்கு உரிய இடத்தில் குற்றத்தை வைப்பது எவ்வளவு பெரிய அறக்கேடு! சுரப்பு நீர்களை மருந்தாகக் கொடுத்தால் நிமிர்ந்து எழக்கூடிய ஒருத்தி, வசைச்சொல்லின் கீழ் ஆயுளைக் கழிக்கிறாள்.

உள்ளத்து நோயின் நிலையும் இதுவே. பிள்ளை பெற்ற தாயர் பலர்க்கு முதல் வாரத்தில் தோன்றும் கலக்கம் தானே மறையும். சிலர்க்கு அது மறையாமல் கனத்த மனச்சோர்வாக நிலைத்துவிடுகிறது. பேற்றில் உயிர்க்கு இடர் நேர்ந்தவர்க்கும், குழந்தையை இழந்தவர்க்கும், உடல் வலி நீங்காதவர்க்கும் அவ்வாய்ப்பு மிகுதி. இந்நோயை இனங்காண 1987இல் எடின்பரோவில் வகுக்கப்பட்ட வினாப்படிவத்தில் பத்தே வினாக்கள் உள்ளன. சிரிக்க முடிகிறதா, காரணமின்றித் தன்னையே குற்றம் சாட்டிக்கொள்ளத் தோன்றுகிறதா, உறக்கம் கெடுமளவு துயரம் உண்டா என்பன போன்ற எளிய வினாக்களே அவை. ஒரு தாயின் உள்ளத்தை அறியச் சில மணித்துளிகள் போதும் என்பதை அப்படிவம் மெய்ப்பித்தது. அச்சில மணித்துளிகளும் கிடைக்காமல் எத்தனைத் தாய்மார் இருளில் கிடந்தனர் என்பதை எண்ணுங்கால் நெஞ்சு நடுங்குகிறது.

இன்னும் சில இடர்கள் நீண்ட காலம் பதுங்கியிருந்து வெளிப்படுகின்றன. கருவுற்ற காலத்தில் இரத்தக் கொதிப்பு நோய் முற்றிய பெண்களுக்குப் பிற்காலத்தில் இதயநோயும் பக்கவாதமும் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காகிறது. கருவுற்ற காலத்து நீரிழிவு பேற்றுக்குப் பின் மறைந்துவிட்டது போல் தோன்றினும், அப்பெண்ணுக்குப் பின்னாளில் நிலையான நீரிழிவு வரும் வாய்ப்பு பல மடங்கு மிகுதி. தெற்காசிய வழிவந்த பெண்கள் இதற்கு எளிதில் ஆளாகின்றனர் என்பது தமிழ்க் குடும்பங்கள் ஊன்றி நினைக்கத்தக்க செய்தி. குழந்தைக்குத் தடுப்பூசி போடும் நாளைத் தவறாது குறித்துவைக்கும் வீடு, தாயின் குருதியைச் சோதிக்க வேண்டிய நாளையும் குறித்துவைக்கிறதா?

தாயின் துன்பத்தைப் புறக்கணிப்பதற்கு மூன்று நியாயங்கள் கூறப்படுவதுண்டு. இயற்கை என்னும் நியாயம் மேலே ஆராயப்பட்டது. குழந்தையின் முகம் பட்ட துன்பத்தையெல்லாம் மறக்கச் செய்துவிடும் என்பது இரண்டாவது. குழந்தையால் வரும் இன்பம் மெய்யானது. அதனை மறுப்பவர் இலர். ஆயினும் இன்பம் துன்பத்திற்கு விலையாகாது. ஒருவனுக்குப் பரிசு கிடைத்த நாளில் கால் முறிந்தால், பரிசு கிடைத்ததே என்று காலுக்குக் கட்டுப் போடாமல் விடுவாரில்லை. மேலும், குழந்தையின் முகத்தைத் தாயின் காயத்துக்கு மருந்தாக நிறுத்துவது குழந்தைக்கும் தீங்கு செய்வதே. துன்பத்தைச் சொன்னால் 'இக்குழந்தையை வெறுக்கிறாயா?' என்ற கேள்வி எழும் என்று அஞ்சியே தாயர் பலர் வாய் மூடுகின்றனர். அன்பையும் வலியையும் ஒரே நெஞ்சில் சுமக்க முடியும் என்பதைத் தாயைக் காட்டிலும் நன்கு அறிந்தவர் யார்?

மூன்றாவது நியாயம் பொறுமை என்னும் அறம். தாய்மையின் பெருமையே தியாகத்தில் இருக்கிறது என்பர். தியாகம் பெரிதுதான். ஆனால் தியாகம் என்பது செய்பவர் தாமே விரும்பி அளிப்பது. காயம் வரக்கூடும் என்று எவரும் சொல்லாமலும், வந்த பின் எவரும் கேளாமலும் ஒருத்தி மேல் விழுந்ததைத் தியாகம் என்று அழைப்பது, பறித்துக்கொண்ட பொருளைக் கொடை என்று எழுதிக்கொள்வது போன்றது. பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் 2015ஆம் ஆண்டில் வழங்கிய தீர்ப்பு ஒன்று இக்கருத்தைச் சட்டத்தின் வாயிலாக உரைத்தது. நீரிழிவுடைய ஒரு பெண்ணுக்குப் பேற்றின்போது குழந்தையின் தோள் சிக்கிக்கொள்ளும் இடர் உண்டென்பது முன்கூட்டியே கூறப்படவில்லை. கூறினால் அவள் அறுவைமுறைப் பேற்றை விரும்பக்கூடும் என்று மருத்துவர் கருதியிருந்தார். எந்த இடரை ஏற்பது என்று முடிவு செய்யும் உரிமை அப்பெண்ணுக்கே உண்டென்றும், ஆதலின் அவளுக்கு உண்மையைக் கூறியிருத்தல் வேண்டுமென்றும் நீதிமன்றம் முடிவு கூறியது.

இத்தகைய செய்திகளைப் பேசினால் இளம்பெண்கள் அஞ்சுவார்களே என்று வினவுவோரும் உளர். அவர்தம் கவலை பொருளற்றதன்று. பேற்றைப் பற்றிய அச்சமும் ஒரு துன்பமே. பெண்கள் பெரும்பாலோர் பேற்றுக்குப் பின் நன்கு தேறிவிடுகின்றனர் என்பதும் உண்மை. அவ்வுண்மையையும் சேர்த்தே கூறுதல் வேண்டும். ஆயினும், அறியாமையால் வரும் அமைதி காயம் பட்ட அன்றே கலைந்துவிடும். 'எனக்கு மட்டுமே இது நேர்ந்தது' என்ற தனிமை அதன்பின் வந்து சேரும். முன்னரே அறிந்தவள் மருத்துவரை நாடுவாள். அறியாதவள் வெட்கத்தை நாடுவாள்.

யாருடைய வலி கணக்கில் ஏறுகிறது, யாருடைய வலி ஏறுவதில்லை என்பதற்கு மருத்துவ வரலாறே ஒரு கசப்பான சான்று வைத்திருக்கிறது. பேற்றுவலி நாள் கணக்கில் நீடித்துக் குழந்தை வெளிவராமல் சிக்கிக்கொள்ளும் பொழுது, குழந்தையின் தலை சிறுநீர்ப்பையை எலும்போடு நெருக்குகிறது. அவ்விடத்துத் தசை மடிந்து துளை விழுகிறது. பெரும்பாலும் குழந்தையும் இறந்தே பிறக்கிறது. தாய்க்கு இரவும் பகலும் சிறுநீர் ஒழுகிக்கொண்டே இருக்கும். இதற்குரிய அறுவைமுறையை அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் 1845 முதல் 1849 வரை மரியன் சிம்ஸ் என்னும் மருத்துவர் அடிமைப் பெண்கள் மீது மயக்க மருந்தின்றிச் செய்து செய்து கண்டறிந்தார். அனார்க்கா என்ற பெண் மட்டும் ஏறத்தாழ முப்பது அறுவைகளுக்கு ஆளானாள். மருத்துவர்க்குச் சிலை எழுந்தது. அவளுக்கும், உடனிருந்த லூசி, பெட்சி என்பார்க்கும் நெடுங்காலம் பெயரே இல்லாதிருந்தது. நியூயார்க் நகரப் பூங்காவில் நின்ற அச்சிலை 2018இல் அகற்றப்பட்டது.

அதே காயத்தை வேறு கண்ணோடு நோக்கியவர்களும் உண்டு. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த கேத்தரின் ஹாம்லின் அம்மையாரும் நியூசிலாந்தில் பிறந்த அவர் கணவர் ரெஜினால்டும் 1959இல் எத்தியோப்பியா சென்றனர். இத்துளைநோய்க்கென்றே 1974இல் அடிஸ் அபாபாவில் மருத்துவமனை ஒன்றை நிறுவினர். கணவரால் கைவிடப்பட்டு ஊரின் ஓரத்தில் ஒதுங்கிய பெண்கள் அங்கே வந்து சேர்ந்தனர். குணமடைந்து ஊர் திரும்புகிற பெண்ணுக்குப் புத்தாடை ஒன்று கொடுத்தனுப்புவது அம்மருத்துவமனையின் வழக்கம். துளையை அடைத்ததோடு மருத்துவம் முடியவில்லை, அவள் மக்கள் நடுவே மீண்டும் நடந்து செல்லும் பொழுதுதான் முடிகிறது என்பதை அவ்வாடை உணர்த்துகிறது. அங்கு நோயாளியாய் வந்த மாமித்து காஷே என்னும் எழுத்தறியாத பெண், உடனிருந்து கற்று, அவ்வறுவையைச் செய்யும் திறம் பெற்றார். இன்று மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இந்நோய் மிக அரிது. ஆனால் அது கற்பிக்கும் பாடம் இங்கும் வேண்டப்படுகிறது.

தமிழர் மரபில் பிள்ளை பெற்றவளைப் பேணும் வழக்கம் இல்லாமலில்லை. பத்தியச் சோறும், பிள்ளைப்பேற்று மருந்தும், மஞ்சளும் வெந்நீரும் அவளுக்கென்றே இருந்தன. மலாய்க்காரர் 'பந்தாங்' என்று காப்பதும், சீனர் ஒரு மாதம் அவளை வெளியே விடாமல் பேணுவதும் இவ்வகையினவே. பிள்ளை பெற்ற உடலுக்கு ஓய்வும் உணவும் துணையும் வேண்டும் என்பதை மூவினத்தாரும் உணர்ந்திருந்தனர். குறை என்னவென்றால், இவ்வழக்கங்கள் நாளை எண்ணின. முப்பதோ நாற்பதோ முடிந்த அன்று நலமும் முடிவு செய்யப்பட்டது. சட்டமும் நாளையே எண்ணுகிறது. மலேசியாவில் 60 நாளாய் இருந்த பேறுகால விடுப்பு 2023 முதல் 98 நாளாக உயர்ந்தது. சிங்கப்பூரில் 2008 முதல் குடிமக்களான குழந்தைகளின் தாய்மார்க்கு 16 வாரம் அளிக்கப்படுகிறது. இவை போற்றத்தக்க ஏற்றங்கள். ஆயினும் காயத்துக்கு நாட்காட்டி தெரியாது. நாற்பதாம் நாளோ தொண்ணூற்றெட்டாம் நாளோ கடந்த பின்னரும் 'உனக்கு எப்படி இருக்கிறது?' என்று கேட்கும் ஒரு குரல் வீட்டில் இருத்தல் வேண்டும்.

தமிழாசிரியர் ஒவ்வொருவரும் வகுப்பில் நடத்தியிருக்கக்கூடிய பொன்முடியாரின் புறநானூற்றுப் பாடல் ஈண்டு நினைவுக்கு வருகிறது. ஒரு மகனை முன்னிட்டு ஐவருடைய கடமைகளை அப்பாடல் வரிசைப்படுத்துகிறது. தாய்க்குக் கடன் பெற்று வளர்த்தல். தந்தைக்கும் கொல்லனுக்கும் வேந்தனுக்கும் கடன்கள் உள. மகனுக்குக் கடன் போர்க்களத்தில் உண்டு. அனைவரும் அம்மகனுக்குக் கடன்பட்டுள்ளனர். அவன் நாட்டுக்குக் கடன்பட்டுள்ளான். பெற்ற அவளுக்குக் கடன்பட்டவர் என ஒருவரும் அவ்வரிசையில் இல்லை. அது போர்க்காலத்துப் பாடல். பாடியவர் பெண்பாற் புலவர். அதனைக் குறைகூற இடமில்லை. எனினும் இன்றைய வகுப்பறையில் ஒரு மாணவியோ மாணவனோ எழுந்து, 'அந்தத் தாய்க்கு யார் கடன்பட்டவர்?' என்று வினவினால், அவ்வினா பாடலுக்குப் புறம்பானதென்று தள்ளிவிடலாகாது. விடை தேட வேண்டியது வகுப்பு முழுவதும்.

விடை தொலைவில் இல்லை. மருத்துவம் என்பது நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து உதவுபவர் என்னும் நான்கு கூறுடையது என்று வள்ளுவர் வகுத்தார். முதல் மூன்றும் இன்று மருத்துவமனையில் கிடைக்கின்றன. நான்காவது கூறு வீட்டில் இருக்கிறது. அருகிருப்பவரின் கடமை மருந்தை எடுத்துக் கொடுப்பதோடு நிற்பதில்லை. கேட்பதும் அவர் கடமை. கேட்டதை நம்புவதும் கடமை. 'சோம்பேறி' என்று சொல்ல நா எழும் பொழுது, 'உடம்புக்கு என்ன?' என்று வினவுவது கடமை. பால் வாளியோ, தண்ணீர்க் குடமோ, மூத்த குழந்தையோ, எச்சுமையாயினும் அவள் கையினின்று வாங்கிக்கொள்வது கணவனின் கடமை. வெட்கத்தால் அவள் சொல்லத் தயங்குவதைத் தானே உணர்ந்து மருந்தகத்துக்கு உடன் செல்வதும் அவனுக்குரியதே. துன்பத்தை மகளுக்கு மரபுரிமையாக விட்டுச் செல்லாமல், 'எனக்கும் இருந்தது. எனக்குச் சொல்வார் இல்லை. நீ போய்க் காட்டு' என்று கூறுவது தாயின் கடமை. உடலைப் பற்றித் தமிழில் தூய்மையாகவும் துணிவாகவும் பேசச் சொற்கள் உண்டென்று இளைஞர்க்குக் காட்டுவது ஆசிரியரின் கடமை. பெயர் சொல்ல முடியாத நோயை எவரும் மருத்துவரிடம் எடுத்துச் செல்ல இயலாது.

'தாயும் சேயும் நலம்' என்னும் செய்தி இனியும் சென்றுகொண்டே இருக்கட்டும். அது மகிழ்ச்சிக்குரிய செய்தி. அதனைச் சொல்லும் நா இனிமையுடையது. ஆனால் அச்சொல்லில் ஒரு பாதி மட்டுமே அன்று அறியக்கூடியது. மற்றப் பாதியை அறியச் சில திங்களோ சில ஆண்டுகளோ ஆகலாம். அதனைச் சொல்லும் தகுதியுடையவளும் ஒருத்தியே. உறவினர் அனைவரும் குழந்தையைக் கையில் வாங்கி மகிழும் அந்த வேளையில், எவரேனும் ஒருவர் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்து, 'நீ சொல், அம்மா, நீ நலமா?' என்று கேட்டு, அவள் விடை சொல்லும்வரை எழாதிருத்தல் வேண்டும்.